வெள்ளைக்காரன் பாலமும் நம்ம வீட்டுக் கூரையும்



இது நீளமான பதிவு. பொறுமை இல்லாதவர்கள் கடைசியில் இருக்கும் வீட்டுப்பாடத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

போன வாரம் ஒரே நாளில் இரண்டு படங்கள் என் கைபேசிக்கு வந்தன. முதல் படம் பழைய மாணவர் குழுவில் வந்தது. ஒரு பக்கம் பழைய பாம்பன் பாலம், மறுபக்கம் புதுப் பாலம். கீழே, "வெள்ளைக்காரன் கட்டினது நூறு வருஷம் நின்றது. நம்ம ஆளு கட்டினது வண்டி ஓடும் முன்பே துரு" என்று எழுதியிருந்தது. அதற்கு நாற்பது பேர் கைதட்டி, சிரிப்பு பொம்மை போட்டிருந்தீர்கள். அரை மணி நேரத்தில் சொந்தக்காரர் குழுவில் அடுத்த படம். அதே புதுப் பாலம், வண்ண விளக்கோடு. "உலகமே வியக்கும் சாதனை. குறை சொல்பவன் தேசத்துரோகி." அதற்கும் நாற்பது கைதட்டல். இரண்டிலும் இருக்கிற ஏழெட்டுப் பேர் இரண்டுக்குமே தட்டியிருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் பார்த்துவிட்டேன்.

இரண்டு படமும் தப்பு. ஏன் தப்பு என்று சொல்லிவிட்டு, இரண்டையும்விட முக்கியமான ஒன்றுக்கு வருகிறேன். அது பாலம் பற்றியது அல்ல. நீங்கள் இன்று ராத்திரி எந்தக் கூரைக்குக் கீழே படுக்கப்போகிறீர்களோ, அதைப் பற்றியது.

முதலில் "வெள்ளைக்காரன் கட்டினது" கோஷ்டிக்கு.

பழைய பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. 2022 டிசம்பர் 23 அன்று அதில் ரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. இடையில் 108 வருஷம். அந்தக் கணக்கு சரி. ஆனால் "நின்றது" என்று ஒரே சொல்லில் சொல்கிறீர்களே, அதுதான் தப்பு. அது தானாக நிற்கவில்லை. நிறுத்தி வைத்தார்கள்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயலில் என்ன நடந்தது? பாம்பனிலிருந்து கிளம்பிய பயணிகள் வண்டி தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் அதை அப்படியே வாரிக்கொண்டு போனது. வண்டியில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் மிஞ்சவில்லை. தனுஷ்கோடி என்ற ஊரே போனது. அதே புயலில் வெள்ளைக்காரன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் கடலுக்குள் போயின. நடுவில் கப்பலுக்குத் திறந்துவிடும் ஷெர்சர் தூக்குப் பகுதி தப்பித்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. பெரியவர்கள் வாசலில் கூடி நின்று குரலைத் தாழ்த்திப் பேசியது ஞாபகம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போயிருந்தார். அவர் வரவே இல்லை. பொங்கல் அன்று அந்த வீட்டு வாசலில் கோலம் இல்லை.

அந்தப் பாலத்தை மறுபடி நிமிர்த்தியது யார்? 32 வயது பொறியாளர் ஒருவர். இன்று மெட்ரோ மனிதர் என்று நாடே சொல்கிற இ. ஸ்ரீதரன். ரயில்வே வாரியம் ஆறு மாதம் கெடு கொடுத்தது. தெற்கு ரயில்வே பொது மேலாளர் அதை மூன்று மாதமாகக் குறைத்தார். ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களைக் கண்டுபிடிக்க நம் பகுதி மீனவர்கள் உதவினார்கள். எடுத்து வந்து, சரி செய்து, திரும்ப ஏற்றினார்கள். 1964-க்குப் பிறகு நீங்களும் நானும் ஏறிப் போன பாலம், நம்மவர்கள் இரண்டாம் முறை கட்டிய பாலம்.

அதற்குப் பிறகும் சும்மா நின்றுவிடவில்லை. 2007-இல் மீட்டர் பாதையை அகலப்பாதையாக மாற்றியபோது வலுப்படுத்தினார்கள். பழைய கர்டர்களை மாற்றினார்கள். வருஷம் முழுக்கத் துருவைச் சுரண்டிச் சாயம் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு முனையில் ஆரம்பித்து மறுமுனைக்கு வருவதற்குள் ஆரம்பித்த இடத்தில் மறுபடி துரு எட்டிப் பார்க்கும். இதை எனக்குச் சொன்னவன் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவன்தான். அறிவியலில் 35 மார்க்கைத் தாண்டாதவன். அதே அறிவியலைக் கடலுக்கு மேலே தொங்கிக்கொண்டு, கையில் கம்பித் தூரிகையோடு முப்பது வருஷம் செய்தான். நீங்கள் பகிர்ந்த படத்தில் அவன் இல்லை.

அவ்வளவு செய்தும் 2018 டிசம்பரில் தூக்குப் பகுதியில் விரிசல் கண்டு வண்டியை நிறுத்தினார்கள். ராமேஸ்வரம் போகிறவர்கள் மண்டபத்தில் இறங்கி, பெட்டி படுக்கையோடு பஸ் பிடித்தார்கள். மூன்று மாதம் போல அந்தக் கூத்து. பிறகு 2022 கடைசியில் நிரந்தரமாக நிறுத்தினார்கள். நூற்றெட்டு வயதுப் பெரியவரை, "அந்தக் காலத்து உடம்பு, ஒன்றும் ஆகாது" என்று ஓடவிடாமல் உட்கார வைத்தார்கள். அதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று. வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியாவில் கட்டிய எத்தனையோ பாலங்கள் இன்று இல்லை. இல்லாததை யாரும் படம் எடுத்துப் போடமாட்டார்கள். நின்றதை மட்டும் எண்ணிவிட்டு, "அந்தக் காலத்தில் எல்லாமே உறுதி" என்பது, நூறு வயது தாத்தா ஒருவரைக் காட்டி, "அந்தக் காலத்தில் யாரும் செத்ததில்லை" என்பது மாதிரி.

இப்போது "குறை சொல்லாதே" கோஷ்டிக்கு வருகிறேன்.

புதுப் பாலத்தைப் பிரதமர் 2025 ஏப்ரல் 6, ராமநவமி அன்று திறந்துவைத்தார். நீளம் 2.08 கிலோமீட்டர். 18.3 மீட்டரில் 99 கண்கள், நடுவில் 72.5 மீட்டரில் ஒரு தூக்குப் பகுதி. அந்தப் பகுதி பழையது மாதிரி இரண்டாகப் பிளந்து விரியாது. மொத்தமாக 17 மீட்டர் செங்குத்தாக மேலே ஏறும். பழையதை ஆட்கள் நெம்பிச் சுற்றித்தான் தூக்கினார்கள். இதை மோட்டார் தூக்குகிறது. பழைய பாலத்தைவிட 3 மீட்டர் உயரம் கூட. எனக்கும் பெருமைதான். திறந்த மாதத்திலேயே பேரனோடு போய்ப் பார்த்தேன். ஜன்னலை விட்டு நகரவில்லை.

ஆனால் இந்தப் பாலத்தை 2024 நவம்பரில் சோதித்த ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ஓர் அறிக்கை எழுதினார். திட்டமிட்டதிலும் வடிவமைப்புக்கு ஒப்புதல் பெற்ற முறையிலும் குறை இருக்கிறது என்றார். துருவைத் தடுக்கச் செய்த ஏற்பாடு போதாது என்றார். அதே சமயம், 75 கிலோமீட்டர் வேகத்துக்கும், தூக்குப் பகுதியில் 50 கிலோமீட்டருக்கும் அனுமதி கொடுத்தார். ரயில்வே பதில் சொன்னது. வடிவமைப்பை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் சரிபார்த்திருக்கிறார்கள், பாலிசிலாக்சேன் பூச்சு பூசியிருக்கிறோம், துருப்பிடிக்காத கம்பி போட்டிருக்கிறோம் என்றது. அறிக்கையை ஆராய ஒரு குழுவும் போட்டது.

அந்த ஆணையரைத்தான் சிலர் தேசத்துரோகி என்கிறீர்கள். ஒரு விஷயம் தெரியுமா? ரயில்வே பாதுகாப்பு ஆணையர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வரமாட்டார். விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருகிறார். ஏன் அப்படி வைத்தார்கள்? பரீட்சை எழுதியவனே பேப்பரைத் திருத்தக் கூடாது என்றுதான். குறை எழுதுவது அவருக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொன்ன வேலை. நான் உங்கள் நோட்டில் சிவப்பு மையில் எழுதினேனே, அது உங்கள் மேல் உள்ள பகையாலா?

ஆக, வெள்ளைக்காரன் கட்டினான் என்பதால் ஒரு பாலம் நிற்காது. நாம் கட்டினோம் என்பதாலும் நிற்காது. உப்புக்காற்றுக்குச் சாதியும் கிடையாது, கட்சியும் கிடையாது. யாராவது ஒருவர் தினமும் போய்ப் பார்க்கிறாரா, பார்த்ததை எழுதுகிறாரா, எழுதியதை மேலே இருப்பவர் படிக்கிறாரா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "புதுப் பாலத்தில் எப்போது செல்ஃபி எடுக்கலாம்" என்று கேட்பதை விட்டுவிட்டு, "ஆணையர் எழுதிய குறைகளில் எது எது சரியானது, வருஷா வருஷம் வெளியிடுவீர்களா" என்று கேட்டால் அது குடிமகனுக்கு அழகு.

சரி. பாலத்தை விடுங்கள். இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சின்னக்கா வீடு மண்டபத்துக்குப் பக்கத்தில், கடலுக்கு ஒரு கூப்பிடு தூரத்தில். 2009-இல் கட்டியது. மச்சான் ஓய்வுபெற்ற பணம் முழுக்க அதில் போனது. தளம் போட்ட அன்று நானும் போயிருந்தேன். பந்தல், ஆட்டுக்கறி, மிக்சர் சத்தம். பக்கத்து போர்வெல்லிலிருந்து ஹோஸ் போட்டு மிக்சருக்குள் தண்ணீர் விட்டார்கள். நான் அந்தக் குழாயில் கை கழுவி, வாய் கொப்பளித்தேன். கரித்தது. கம்பிகள் சென்ட்ரிங் தகட்டின்மேல் படிந்து கிடந்தன. அங்கங்கே ஒரு சில்லு ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கலவையைச் சுமந்த ஆட்கள் மிதித்ததில் அந்தச் சில்லுகளும் நகர்ந்தன.

34 வருஷம் அறிவியல் வாத்தியார் நான். இரும்பு துருப்பிடிப்பதைப் பற்றி எத்தனை பேருக்கு எத்தனை முறை பாடம் நடத்தியிருப்பேன்! மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி. ஒன்றில் தண்ணீர், ஒன்றில் கொதித்து ஆறிய தண்ணீரும் எண்ணெயும், ஒன்றில் வறண்ட காற்று. உங்கள் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அவ்வளவு நடத்திய மனுஷன் அன்றைக்குக் கரித்த தண்ணீரைத் துப்பிவிட்டு, இலை போட்ட இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன். நல்ல நாளில் குறை சொல்லக் கூடாது, மேஸ்திரிக்குத் தெரியாததா என்று நினைத்தேன். மச்சான் கோபித்துக்கொள்வாரோ என்றும் நினைத்தேன்.

போன ஐப்பசியில், படுக்கையறைக் கூரையிலிருந்து ஒரு முறம் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து கட்டில் மேல் விழுந்தது. அக்காவின் கொள்ளுப்பேத்தி அந்தக் கட்டிலில்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டுவதற்காக அவளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. தலையணை நடுவில் சிமெண்டுக் கட்டி. மேலே பார்த்தால் கம்பிகள் கறுத்து, செதில் செதிலாக உரிந்து, பாதியாக மெலிந்து தொங்கின.

அக்கா என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள். "நீ அன்னைக்கு வந்திருந்தியேடா." அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்தப் பதிவை எழுத வைத்தது அந்த வார்த்தைதான்.

என்ன நடந்தது என்று பாடமாகவே சொல்கிறேன். நல்ல கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிக்காது. சிமெண்டின் காரத்தன்மை அதிகம், பி.எச். 12-க்கு மேல். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் உண்டாகிக் காப்பாற்றும். உப்பிலுள்ள குளோரைடு உள்ளே வந்தால் அந்தப் படலத்தை ஓட்டை போடும். பிறகு காற்றும் ஈரமும் போதும், துரு ஆரம்பிக்கும். துரு, இருந்த இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் அடைக்கும். உள்ளே இடம் இல்லாததால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். முதலில் பழுப்புக் கறை. அடுத்தது கம்பி போகும் வழியிலேயே ஒரு நீள விரிசல். கடைசியில் கட்டில் மேல் விழும் சத்தம்.

கடற்கரையில் குளோரைடு இரண்டு வழியாக வரும். ஒன்று, காற்றில் வந்து மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அதற்குப் பல வருஷம் ஆகும். இரண்டாவது, நாமே கலவையில் ஊற்றி, முதல் நாளே உள்ளே வைத்துப் பூசுவது. அக்கா வீட்டில் நாம் செய்தது இரண்டாவது.

கட்டுமானத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது, ஐ.எஸ். 456. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது அது. கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பதையும் இடத்துக்குத் தகுந்தபடி சொல்கிறது. சாதாரண இடத்தில் 20 மில்லிமீட்டர். கடலோரத்தில் உப்புக்காற்று நேராகப் படாத உட்பகுதிக்கு 30. கடற்காற்று படும் வெளிப்பகுதிக்கு 45. அலைத் தூவானம் படும் இடத்துக்கு 50. கான்கிரீட்டின் தரமும் அதே மாதிரி ஏறும். சாதாரண இடத்துக்கு எம் 20, கடற்காற்று படும் இடத்துக்கு எம் 30. நம் ஊரில் ஒன்று, இரண்டு, நாலு என்று பெட்டிக் கணக்கில் அள்ளிப் போடுகிறோமே, அது எம் 15-க்குத்தான் தேறும்.

இதெல்லாம் டெல்லியில் உட்கார்ந்து எழுதிய சட்டம், நமக்கு ஒத்துவராது என்று சொல்லாதீர்கள். துருவைப் பற்றி இந்தியாவிலேயே பெரிய ஆராய்ச்சிக்கூடம் எங்கே இருக்கிறது? நம் காரைக்குடியில். வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் வந்த ஊர். அவர்கள் கடல் துருவைச் சோதித்துப் பார்க்க இரும்புத் தகடுகளை எங்கே கொண்டுவந்து வைத்தார்கள்? நம் மண்டபத்தில். நாட்டில் இரும்பு மோசமாகக் கெடும் இடங்களில் ஒன்று இது என்பதால்தான். உலகம் தெரிந்துகொள்ள நம் கடற்கரைக்கு வருகிறது. நாம் போர்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருக்கிறோம்.

போன மாதம் பழைய மாணவன் ஒருவன் வளைகுடாவிலிருந்து பேசினான். பாம்பனில் வீடு கட்டுகிறான். இதையெல்லாம் சொன்னேன். மூன்று ஆட்சேபம் சொன்னான். மூன்றும் நியாயமாகத்தான் கேட்டான், அதனால் இங்கேயும் பதில் சொல்கிறேன்.

"சார், குடிக்கவே நல்ல தண்ணி லாரியில வாங்குறோம். கான்கிரீட்டுக்கு எங்க போறது?"

கணக்குப் போடு என்றேன். ஆயிரம் சதுர அடித் தளம், ஐந்து அங்குலக் கனம். கிட்டத்தட்ட 12 கன மீட்டர் கான்கிரீட். ஒரு கன மீட்டருக்கு 180 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலும், கலவைக்கு மொத்தம் சுமார் 2,100 லிட்டர். அதாவது சின்ன லாரித் தண்ணீரில்கூடப் பாதிக்கு மேல் மிச்சம். நனைக்க இதைவிட அதிகம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். தேங்கவிடாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடினால் குறையும். வாசலுக்கு வைக்கப்போகிற கேட்டில் ஒரு பூ டிசைனைக் குறைத்தால் இந்தத் தண்ணீருக்குக் காசு வந்துவிடும்.

"கொத்தனார் சொல்றார், கவர் கூட்டினா கம்பி மேலே ஏறிடும், தளத்தோட பலம் குறையும்னு."

கொத்தனார் சொல்வது சரி. அவரைத் திட்டாதே. அதே கனத்தில் கவரை மட்டும் கூட்டினால் பலம் குறையத்தான் செய்யும். அதனால்தான் தளத்தின் கனத்தையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். அதைப் பொறியாளர் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். உள்ளறைத் தளத்துக்கு 20-ஐ 30 ஆக்கினால் கூடுவது 10 மில்லிமீட்டர். ஆயிரம் சதுர அடிக்கு ஒரு கன மீட்டருக்கும் குறைவான கான்கிரீட். இவ்வளவுதான் கூடுதல்.

"எங்க அப்பா கட்டின வீடு இதே தண்ணியிலதான் கட்டினது. நாற்பது வருஷமா நிக்குது சார்."

அந்த வீடு ஓட்டு வீடு. சுவர் செங்கல். அதில் துருப்பிடிக்கக் கம்பியே குறைவு. இதுவும் நீங்கள் பகிர்ந்த அந்தப் பாலம் படம் மாதிரிதான். நின்றதைக் காட்டி, நிற்காததை மறைக்கிற கணக்கு.

அவன் சிரித்துக்கொண்டே, "சரி சார், கவர் பிளாக் வாங்கச் சொல்றேன்" என்றான். வாங்கினானா என்று தெரியவில்லை. இதைப் படித்தால் பதில் போடட்டும்.

பழைய பாம்பன் பாலத்தில் காற்றின் வேகத்தை அளக்கும் கருவி ஒன்று வைத்திருந்தார்கள். காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறும். வண்டி நின்றே ஆக வேண்டும். ஓட்டுநருக்கு அவசரமா, உள்ளே பெரிய மனுஷன் இருக்கிறானா, நல்ல நேரம் போய்விடுமா, எதையும் அந்தக் கருவி கேட்காது. 1964 ராத்திரி சிக்னல் கிடைக்காமல் காத்திருந்த வண்டி, காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பியது என்று சொல்வார்கள். மனுஷன் பாவம், அவசரத்தில் தப்பாக முடிவெடுப்பான். அந்த முடிவை ஒரு சின்னக் கருவியிடம் கொடுத்துவிடுவதுதான் பாதுகாப்பு.

தளம் போடும் நாளும் அப்படிப்பட்ட நாள்தான். ஆள் கூலி ஓடிக்கொண்டிருக்கும், பந்தி காத்திருக்கும், மழை மிரட்டும். அந்த நேரத்தில் யாரும் யோசிக்கமாட்டார்கள். நான் யோசிக்கவில்லையே! அதனால் யோசனையை முதல் நாளே முடித்துவிட வேண்டும். கம்பிக்குக் கீழே அடிக்கு அடி கட்டிவைத்த கவர் பிளாக், தண்ணீர் சோதித்த சீட்டு, இந்த இரண்டும்தான் உங்கள் வீட்டின் காற்றுமானி. அவை இல்லாமல் மிக்சரை ஓட்டவிடாதீர்கள். மச்சான் கோபித்தாலும் பரவாயில்லை.

அக்கா வீட்டுக்கு முதலில் வந்தவர், "இரண்டு மூட்டை சிமெண்ட் போதும், பூசிவிட்டால் தெரியாது" என்றார். தெரியாதுதான். அடுத்த முறை விழும் வரை தெரியாது. நல்லவேளை, இந்த முறை வாயைத் திறந்தேன். கட்டடப் பொறியாளர் ஒருவர் வந்து தட்டிப் பார்த்து, தளர்ந்த கான்கிரீட் முழுவதையும் கொத்தி எடுக்கச் சொன்னார். கம்பியைச் சுரண்டிப் பூச்சுப் பூசி, மெலிந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பழுதுக்கென்று உள்ள கலவையால் அடைத்தார்கள். இரண்டு அறைக்கு ஆன செலவு, 2009-இல் நல்ல தண்ணீர் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைப் போல பல மடங்கு. அதுவும் முழு நிவாரணம் இல்லை என்று அவரே சொல்லிவிட்டார். உள்ளே ஊற்றிய உப்பு உள்ளேதான் இருக்கிறது. அக்கா இப்போது முன் தாழ்வாரத்தில் படுக்கிறாள். அது ஓடு போட்டது.

இனி வீட்டுப்பாடம். தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம், உச்சிப்புளி, கீழக்கரை, ஏர்வாடி, தொண்டி என்று கடற்கரையில் வீடு உள்ள எல்லோருக்கும்.

1. இன்று ராத்திரியே கைபேசி விளக்கை அடித்து, கூரையின் அடிப்பக்கத்தையும் சன்ஷேடுகளின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பழுப்புக் கறை, நேர்கோட்டில் விரிசல், உப்பலாகத் தெரியும் பூச்சு. மூன்றில் ஒன்று இருந்தாலும் ஒரு கம்பால் மெல்லத் தட்டுங்கள். பொத்தென்று கேட்டால், முதலில் கட்டிலையும் தொட்டிலையும் அங்கிருந்து நகர்த்துங்கள். பிறகு பொறியாளரைக் கூப்பிடுங்கள். பூசி மறைக்காதீர்கள்.

2. கட்டப்போகிறவர்கள், தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துக் குளோரைடு அளவு கேளுங்கள். 500-க்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் கலவைக்கும் வேண்டாம், நனைக்கவும் வேண்டாம். கடல் மணல் பக்கமே போகாதீர்கள்.

3. பொறியாளரிடம், "எந்தச் சூழலுக்குப் போட்டீர்கள், கவர் எத்தனை மில்லிமீட்டர், எந்தத் தரக் கான்கிரீட்?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதில் வரைபடத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை வேண்டாம்.

4. கான்கிரீட் போட்டபின் பத்து முதல் பதினாலு நாள் காயவிடாமல் நனையுங்கள். மூன்றாம் நாளே ஊருக்குக் கிளம்பிவிடாதீர்கள்.

5. பாம்பன் பாலம் படம் இனி குழுவில் வந்தால், கைதட்டுவதற்கு முன் உங்கள் வீட்டுக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பாருங்கள்.

செய்தவர்கள் கீழே ஒரு வரி எழுதுங்கள். விரிசல் இருந்தால் படமும் போடுங்கள். நம் குழுவிலேயே கட்டடப் பொறியாளர்கள் ஆறு பேர் இருக்கிறீர்கள். உங்கள் வாத்தியார் கேட்டார் என்பதற்காக, அந்தப் படங்களைப் பார்த்துக் காசு வாங்காமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

வரும் டிசம்பர் 22 அன்று மாலை நான் தனுஷ்கோடிக்குப் போகிறேன். வருஷா வருஷம் போவதுதான். வர முடிந்தவர்கள் மண்டபத்திலிருந்து ரயிலிலேயே வாருங்கள். பாலத்தைத் தாண்டும்போது ஜன்னல் வழியாகக் கடலைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தூரிகையோ சுத்தியலோ வைத்துக்கொண்டு யாராவது ஒதுங்கி நிற்பார்கள். அவர்களுக்கு ஒரு கும்பிடு போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்